இரட்டைக்கோட்டாரும் ஓம் சொல்லும் ஊரும்

என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குள் போனது வாக்குப் போடவும், கூரை ஓடு மாற்றவும் மட்டும்தான். ஆகவே இதை அச்சில் ஏற்றப்போகிறவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும். நேரில் என்றால் நான் இவ்வளவு கதைக்கவே மாட்டேன்.

பளையில் இருந்து வவுனியா வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும் இரட்டைக்கோட்டார் மாதிரி இன்னொருவரை நீங்கள் பிடிக்க முடியாது. மற்ற ஆட்கள் நாங்கள் சொல்வதைக் கேட்பார்கள். இவர் நாங்கள் சொல்லாமல் விட்டதைக் கேட்பார். கடைக்குப் போய் "ஒரு தேத்தண்ணி" என்று சொன்னால் உங்களுக்கும் எனக்கும் அது தேத்தண்ணி. அவருக்கு அது, சீனி எவ்வளவு, பால் விடுகிறதா, இருந்து குடிக்கிறதா, போத்தலில் கொண்டுபோகிறதா என்று ஒன்றுமே சொல்லாத அரைகுறை வசனம். அந்த அரைகுறையை நினைத்துத் தேத்தண்ணி ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் நிலையம் கிளிநொச்சியில், பயிருக்கு மருந்தடிக்கிற மெசின் விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில் இருக்கிறது. இரண்டு அறை, நாலு மேசை, ஓர் அலுமாரி. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரமாக, சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காத பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பாடங்கள் நிரப்பிய சின்னக் கணினிப் பெட்டிகள் அனுப்புவதுதான் நிலையத்தின் வேலை. பெட்டி ஒரு சவர்க்காரக் கட்டியளவு. அதற்குள் நகத்தளவில் ஒரு சிப். பாடம், படம், அகராதி, ஆசிரியர்கள் பேசின பதிவு எல்லாம் அந்தச் சிப்புக்குள்தான். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் ரீச்சர். நான் அங்கே கூட்டுவேன், பெட்டிகளைத் துடைத்துக் கட்டுவேன், பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். அதற்கு முதல் அச்சில் போட்டுச் சீமெந்துக் கல் அரிந்துகொண்டிருந்தேன். முதுகு பழுதாகிப் படுத்தபோது ரீச்சர்தான் கூப்பிட்டு வேலை தந்தார்.

அந்தச் சிப்புகளை நிரப்புகிற மென்பொருளை எழுத வந்தவர்தான் இரட்டைக்கோட்டார். வவுனியாப் பக்கம் வீடு. வயது முப்பதுக்கு மேல் இராது. மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. ரீசேட்டை எப்போதும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரித்தான் போடுவார்.

"தையல் உள்ளுக்கை இருந்தால் குத்தும் ராசண்ணை. வெளியிலை இருந்தால் பாக்கிற ஆக்களுக்குத்தான் குத்தும்."

அவருடைய கருவி என்ன செய்கிறது என்று ஒருநாள் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் கல் அரிந்தவன் என்பதால் அந்த வழியாகவே வந்தார்.

"அச்சுக்குள்ளை கலவையைப் போட்டு அமத்தினால் ஒரு கல்லு வருமெல்லோ? அது மாதிரி, ஃபோல்டருக்குள்ளை கிடக்கிற எல்லாத்தையும் அமத்தி ஒரு பெரிய பைல் செய்யிறது. அதுக்குப் பேர் இமேஜ். அதை அப்பிடியே சிப்பிலை இறக்கினால் பெட்டிக்கு விளங்கும். அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானை அவர் முதல் மாதத்திலேயே எழுதி முடித்துவிட்டார். மிச்ச மாதமெல்லாம் போனது, கருவியிடம் ஒரு ஆள் எப்படிக் கேட்க வேண்டும் என்கிற யோசனையில். படம் பார்த்து அமத்துகிற பொத்தான்கள் அவருடைய கருவியில் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத வேண்டும். முதலில் கருவியின் பெயர். பிறகு, என்ன மாதிரி வேண்டும் என்கிற ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்னால் இரண்டு சின்னக் கோடு. எவ்வளவு பெரிது வேண்டும் என்றால் இரண்டு கோடு போட்டு அளவு. எங்கே இறக்க வேண்டும் என்றால் இரண்டு கோடு போட்டு எங்கை. இவற்றுக்குத்தான் ஒப்ஷன் என்று பெயர். எனக்காக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில், நாங்கள் கதைக்கிற மாதிரியே வைத்தார்.

"பொத்தான் வைச்சால் சுகமெல்லோ தம்பி?" என்று ரீச்சர் கேட்டார்.

"பொத்தானை அமத்தினாப் பிறகு என்ன சொன்னனாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது ரீச்சர். வரியெண்டால் சொன்னது அப்பிடியே கண்ணுக்கு முன்னாலை நிக்கும். நாளைக்கும் அதையே சொல்லலாம்."

நாளடைவில் அந்த இரண்டு கோடும் அவருடைய கைக்கு வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் முதலில் இரண்டு விரலால் காற்றில் இரண்டு கோடு இழுப்பார். கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பூரணமக்காவுக்கு முன்னால் நின்று, சர்க், சர்க், "சீனி இல்லை." சர்க், சர்க், "இஞ்சி வேணும்." சர்க், சர்க், "கிளாஸ்." பூரணமக்காதான் முதன்முதலில் "உந்த இரட்டைக்கோட்டார் வந்திட்டார்" என்று சொன்னவர். சொந்தப் பெயர் அன்றோடு போய்விட்டது.

ஒருநாள் ரீச்சர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தினார்.

"தம்பி, உமக்கு இந்த வருசக் கடைசியோடை ஒப்பந்தம் முடியுது. அதுக்குப் பிறகு ஆர் சிப் செய்யிறது?"

"ராசண்ணை."

எனக்குக் கையில் இருந்த, கூட்டுகிற தும்புத்தடி நழுவிவிட்டது. ரீச்சர் என்னைப் பார்த்தார். அவருக்கும் சொல்ல விருப்பமில்லாத கதை என்று முகத்தில் தெரிந்தது.

"டிப்ளோமா முடிச்ச ஒராளை எடுப்பம் எண்டுதான் நினைச்சனான். ஆனால் என்னட்டை ஒரு சம்பளம்தான் கிடக்கு ராசன். உம்மாலை ஏலுமெண்டால் நீர் இரும். ஏலாட்டி நான் என்ன செய்யிறது சொல்லும்? தம்பி போறதுக்கு முதல் ஒருநாள் வைச்சுப் பாப்பம். அவர் பக்கத்திலை இருக்கக்கூடாது. நீர் தனியச் செய்யோணும்."

"ஓம் ரீச்சர்" என்றேன். திரும்பக் கல் அரிய முதுகு விடாது. வீட்டில் மனுசிக்கு நான் இதைச் சொல்லவும் இல்லை.

அன்றைக்குத் தொடங்கியது கூத்து. கருவியைப் பாவிக்கப்போகிறவன் நான் என்று முடிவானபடியால், ஊர்ச்சனம் எப்படிக் கேட்கிறது, எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்தால்தான் ஒப்ஷன் வைக்கலாம் என்று மனுசன் வெளிக்கிட்டார். முதல் பலி பூரணமக்கா.

"அக்கா, ஒராள் வந்து ஒண்டுமே சொல்லாமல் நிண்டால் நீங்கள் என்ன குடுப்பியள்?"

"ஒண்டுமே சொல்லாமல் ஏன் நிக்கிறான்?"

"சும்மா நிக்கிறான் எண்டு வையுங்கோ."

"சும்மா வந்து என்னைப் பாத்துக்கொண்டு நிண்டால் விளக்குமாத்தாலை குடுப்பன்."

"அடிக்கிறதுக்கு முதல் என்ன சொல்லுவியள்?"

"தேத்தண்ணி இருக்கு, வடை இருக்கு, என்ன வேணும் எண்டு வாயைத் திறந்து சொல்லு எண்டுவன்."

மனுசன் வடையைக் கையில் வைத்தபடியே இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்து மேலே வந்தார். "ராசண்ணை, பிடிச்சிட்டன்! ஒண்டும் சொல்லாட்டி கருவி ஒண்டும் செய்யக்கூடாது. என்னென்ன கேக்கலாம் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு நிக்கோணும்." அதுவரைக்கும் வெறுமனே கருவியின் பெயரை எழுதினால் அது தன்பாட்டில் கையில் அகப்பட்டதை எல்லாம் போட்டுக் கட்டத் தொடங்கிவிடும். அன்றில் இருந்து பூரணமக்கா மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றது. விளக்குமாறு மட்டும்தான் இல்லை.

அடுத்தது நெல்லு மில். எங்கள் ஊரான அக்கராயனில் நான் நெல்லுக் குத்தப் போனபோது என்னுடைய சைக்கிளுக்குப் பின்னாலே அவரும் வந்தார். மில் வாசலில் ஒரு மூலையில் குந்தி, வருகிறவர்கள் சொல்வதை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர், "தவிடு எனக்கு வேணும், உமி வேண்டாம், கனக்கத் தீட்டாதை" என்றார். இன்னொருவர் அதையே தலைகீழாகச் சொன்னார். மில்காரர் இரண்டையும் சரியாகவே செய்தார்.

"பாத்தியளோ? எதை முதல் சொன்னாலும் சரி. முறை மாறிப்போச்சு எண்டு அவர் ஏசேல்லை." இதுவும் கருவிக்குள் போனது.

பிறகு ஒரு வயதுபோனவர் சாக்கை இறக்கிவிட்டு, "போனமுறை மாதிரித்தான்" என்று ஒற்றைச் சொல்லோடு நிழலுக்குப் போனார். இரட்டைக்கோட்டாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மறுநாளே கருவிக்குப் போனமுறைமாதிரி என்று ஓர் ஒப்ஷன். ஒரு கிழமை அதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் புளுகித் திரிந்தார். பிறகு முகம் வாடி வந்தார்.

"தூக்கிப்போட்டன் அண்ணை."

"ஏன் தம்பி, நல்லதெல்லோ?"

"போனமுறை பிழையாச் செய்திருந்தால்? மில்காரர் எண்டால், 'பெரியப்பா, போனமுறை உங்களுக்கு அரிசி நொறுங்கினது' எண்டு சொல்லுவார். இது சொல்லாது. இதுக்கு நாக்கு இருக்கு, முகம் பாக்கத் தெரியாது."

பெரிய வருத்தம் வந்தது சுருக்கெழுத்தால். முழுச்சொல்லும் எழுதப் பஞ்சியாக இருந்தால் ஒற்றைக் கோடு போட்டு முதல் எழுத்தை மட்டும் எழுதலாம் என்று வைத்திருந்தார். அளவுக்கு அ. நல்லது. ஆனால் சிப்பில் ஏற்கெனவே இருப்பதைத் துடைத்துவிட்டு எழுது என்பதற்கு அழி என்று ஓர் ஒப்ஷன் இருந்தது. அதற்கும் அ. இதைக் கண்டுபிடித்த அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. சோற்றுப் பார்சலைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தார்.

"அளவெண்டு நினைச்சு எழுதிறியள். அது அழிச்சுப்போடுது. யோசிச்சுப் பாருங்கோ அண்ணை."

"அப்ப அழிக்கு வேறை எழுத்து வையுங்கோவன்."

"எழுத்தே வைக்கமாட்டன். நல்ல வேலைக்குக் குறுக்குவழி வைக்கலாம். நாசம் செய்யிற ஆள் முழுச்சொல்லும் எழுதிப்போட்டுத்தான் செய்யோணும். எழுதேக்கையாவது புத்தி வரட்டும்."

அது மட்டும் போதாதென்று, அழிக்கிறதுக்கு முதல் கருவி ஒருமுறை மரியாதையாகக் கேட்கவும் வைத்தார். "இதிலை இருக்கிறதெல்லாம் போயிடும். அழிக்கட்டோ?" என்று திரையில் வரும். ஓம் என்று எழுதினால்தான் அழிக்கும். இதைச் செய்து முடித்த அன்று, இனி இந்த வன்னியில் ஒருத்தருடைய சிப்பும் தவறுதலாக அழியாது என்று அவர் ரீச்சருக்கு உறுதி சொன்னார். சொல்லும்போது காற்றில் நாலு கோடு இழுத்தார்.

அவர் எல்லாவற்றையும் கவனித்திருந்தார். ஒன்றைத் தவிர. எங்கள் சனம் ஓம் சொல்லுகிற விதத்தைக் கவனிக்கவில்லை.

நாங்கள் ஓம் என்று சொல்வது சம்மதத்துக்கு மட்டும் இல்லை. ஒருவர் கதைக்கும்போது நடுநடுவே ஓம், ஓம் என்று போட்டுக்கொண்டிருப்பதுதான் மரியாதை. போனில் அப்படிச் சொல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருக்கிறவர், "ஹலோ, லைன் நிக்குதோ?" என்று கத்துவார். கேட்காத கதைக்கும் ஓம் சொல்வோம். பிடிக்காத கதைக்கு இன்னும் கூடச் சொல்வோம்.

ரீச்சர் எனக்கு வைக்கப்போகிற பரீட்சைக்குக் கொஞ்சநாள்தான் இருந்தது. அவருடைய மடிக்கணினி பழையது, அடிக்கடி படுத்துவிடும். அதனால் தன்னுடைய வேலை முழுவதையும் வெளியே செருகுகிற ஒரு டிஸ்கில்தான் வைத்திருந்தார். அன்று ஏற்கெனவே பாவித்த ஒரு சிப்பை அழித்து இமேஜ் இறக்கிப் பார்க்க வரி எழுதிக்கொண்டிருக்கும்போது அவருடைய அம்மா வவுனியாவில் இருந்து போன் எடுத்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதினார். எங்கை என்கிற இடத்தில் சிப்பின் பெயருக்குப் பதிலாக டிஸ்கின் பெயர் விழுந்துவிட்டது. அம்மாவின் சத்தம் எனக்கே கேட்டது.

"படம் அனுப்பினனான், பாத்தனியே?"

"ஓம் அம்மா."

"நேர்ஸ் பிள்ளை. கொழும்பிலை வேலை. நல்ல குடும்பம்."

"ஓம் அம்மா."

திரையில் வந்தது: இதிலை இருக்கிறதெல்லாம் போயிடும். அழிக்கட்டோ?

"அப்ப அவையளுக்கு நான் சொல்லட்டே?"

"ஓம் அம்மா" என்று வாய் சொன்னது. ஓம் என்று விரலும் எழுதியது.

போனை வைத்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ராசண்ணை. கருவி போயிட்டுது."

"எங்கை போயிட்டுது?"

"கருவியே கருவியை அழிச்சுப்போட்டுது."

ரீச்சர் ஓடிவந்தார். "பிரதி ஒண்டு எடுத்து வைச்சிருப்பீரெல்லோ தம்பி?"

"இருக்கு ரீச்சர்."

"எங்கை?"

"அதே டிஸ்கிலை."

ரீச்சர் நாற்பது பிள்ளைகளை ஒரே நேரம் அடக்குகிற பார்வை ஒன்று வைத்திருப்பார். அந்தப் பார்வை பார்த்தார். "ஊரிலை இருக்கிற எல்லாற்றை கதவுக்கும் பூட்டுச் செய்தீர். உம்மடை வீட்டுக்கு ஒரு படலையும் வைக்கேல்லையே?"

பூரணமக்கா வெறும் கிளாஸ் எடுக்க மேலே வந்தவர், கதையைக் கேட்டுவிட்டு, "அது கிடக்கட்டும். அம்மா என்ன கேட்டவா? அதுக்கும் ஓம் எண்டெல்லோ சொன்னனீர்?" என்றார்.

அப்போதுதான் மனுசனுக்கு அது உறைத்தது. "ஐயோ" என்று கதிரையில் இருந்தார். உடனே அம்மாவுக்கு எடுத்தார். அம்மா அதற்குள் பெண் வீட்டுக்கும் சொல்லி, கொழும்பில் இருக்கும் மாமாவுக்கும் சொல்லி, சாதகம் பார்க்கச் சாத்திரியாரிடமும் ஆள் அனுப்பிவிட்டார். கருவியில் அழிந்ததையாவது திரும்ப எழுதலாம். இதைத் திருப்ப ஒரு வழியும் இல்லை என்று விளங்கியதும், "பிள்ளையைப் பாத்தால் அமைதியான பிள்ளை மாதிரித்தான் கிடக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருவி இல்லை என்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லை என்றால் டிப்ளோமாக்காரர் வருவார். அன்று பின்னேரம் அலுமாரியைத் துடைத்துக்கொண்டே, இனி இதைத் துடைக்கப்போவது யாரோ என்று நினைத்தேன்.

மறுநாள் காலை இரட்டைக்கோட்டார் எனக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இரவு நித்திரை கொள்ளாத முகம். ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"அண்ணை, நான் உங்களுக்கு எத்தனையோ ஒப்ஷன் சொல்லித்தந்தனான். இப்ப உங்களுக்கு நினைவிருக்கிறதைச் சொல்லுங்கோ. அதை வைச்சு நான் திரும்பக் கட்டுறன்."

எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்ட மாதிரி இருந்தது. "எங்கையிருந்து... எங்கை... அளவு... பேர்..." என்று சொன்னேன். சொல்லச் சொல்ல இரண்டு விரலால் எழுதினார். பிறகு, "அழி" என்றேன். பிறகு நின்றுவிட்டேன்.

"வேறை?"

"எல்லாக் கோப்புக்கும் ஒரே பிறந்தநாள், அதுதான் ஒரே திகதி, வைக்கிற ஒண்டு. பேர் வரேல்லைத் தம்பி."

"மறந்திட்டியளோ?"

"ஓம். மன்னிக்கோணும்."

"நல்லது!" என்று தொடையில் அடித்தார். "அப்ப அதை நாங்கள் உங்களிட்டைக் கேக்கிறேல்லை. அது தன்ரைபாட்டிலை செய்யட்டும். வேறை என்ன மறந்தியள்?"

"சாமானை நெருக்கிச் சின்னதாக்கிற ஒண்டு..."

"அதுவும் தன்ரைபாட்டிலை. இன்னும் மறவுங்கோ அண்ணை, இன்னும்!"

வாழ்க்கையில் நான் மறந்ததற்கு ஒருவர் சந்தோசப்பட்டது அன்றுதான். நான் மறக்க மறக்க அவருக்கு உற்சாகம் ஏறியது. முன்பு ஒரு திரை கொள்ளாமல் நீண்டு கிடந்த ஒப்ஷன்கள் ஒரு கையில் எண்ணுகிற அளவுக்குச் சுருங்கின. முன்பு எட்டு மாதம் உருட்டியதைவிட இது நன்றாக வந்தது என்று அவரே சொன்னார். அதோடு, நேரமும் இல்லாதபடியால் அவரால் அதிகம் யோசிக்க முடியாமல் போனது பெரிய உதவி.

கடைசியாக அழி. அதைப் பற்றி அவர் ரோட்டில் நடந்து நடந்து யோசித்தார். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கதை கொடுத்து, எத்தனை இடத்தில் சும்மா ஓம் சொல்கிறார்கள் என்று பார்த்தார். ஒரு முச்சக்கரவண்டிக்காரரிடம், "அண்ணை, உங்கடை வண்டியை நான் கொண்டுபோய்க் குளத்துக்குள்ளை விடப்போறன்" என்று அமைதியான குரலில் சொன்னாராம். அவரும் போனை நோண்டிக்கொண்டு, "ஓம் ஓம்" என்றாராம்.

"எங்கடை ஆக்களிட்டை ஓமோ இல்லையோ எண்டு கேக்கிறதிலை பிரியோசனம் இல்லை அண்ணை" என்று வந்து சொன்னார். "ஓம் எண்டு சொல்லமுடியாத கேள்வியாக் கேக்கோணும்."

பரீட்சை நாள் வந்தது. ரீச்சர் எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். இரட்டைக்கோட்டாரைக் கீழே பூரணமக்காவின் கடைக்கு அனுப்பிவிட்டார். அவர் அங்கே இருக்காமல் ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடக்கும் சத்தமும், "இதிலை இரும், இல்லாட்டி பஸ்ஸுக்கு நேரை போய் விழும், ரெண்டிலை ஒண்டு செய்யும்" என்று பூரணமக்கா ஏசும் சத்தமும் ஜன்னலால் வந்தன.

நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினேன். அளவைக் குறைவாகப் போட்டுவிட்டேன். கருவி ஏசவில்லை. "இந்த இடம் காணாது. இதைவிடப் பெருசு வேணும்" என்று, எவ்வளவு பெரிது வேண்டும் என்பதையும் சொன்னது. அதைப் பார்த்து மாற்றி எழுதினேன். பாடங்களை அமத்தத் தொடங்கியது. பச்சைக் கோடு ஒன்று மெல்ல மெல்ல நகர்ந்து போய் முடிந்தது. கல் காய்ந்து அச்சில் இருந்து கழன்று வருகிற மாதிரி ஒரு நிம்மதி.

சிப்பில் இறக்க வேண்டும். அது ஏற்கெனவே பாவித்த சிப். அழி என்று முழுச்சொல்லும் எழுதினேன். திரையில் வந்தது: "இதிலை தரம் ஆறு கணக்குப் பாடங்கள் இருக்கு. எல்லாம் போயிடும். எந்தச் சிப்பை அழிக்கிறது? பேரை எழுதுங்கோ."

அந்த நேரம் பார்த்து ரீச்சர் குனிந்து, "சரியாப் போகுதே ராசன்?" என்று கேட்டார்.

"ஓம் ரீச்சர்" என்றேன். விரலும் ஓம் என்று எழுதிவிட்டது.

போச்சு என்று கையை விசைப்பலகையில் இருந்து எடுத்தேன். கருவி பதில் சொன்னது: "ஓம் எண்டு சொன்னது விளங்குது. ஓம் எண்ட பேரிலை இஞ்சை சிப் ஒண்டும் இல்லை. ஆறுதலா, பேரை எழுதுங்கோ."

ரீச்சர் சிரித்தார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அவர் சத்தம் போட்டுச் சிரித்ததை அதற்கு முன் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "எழுதும் ராசன், எழுதும். நான் இனி வாய் திறக்கேல்லை" என்றார்.

சிப்பின் மேலே ஒட்டியிருந்த துண்டைப் பார்த்துப் பெயரை எழுதினேன். இறங்கியது. சிப்பை எடுத்துப் பெட்டியில் போட்டு இயக்கினேன். தமிழ்ப்பாட ஆசிரியை ஒருவர் பெட்டிக்குள் இருந்து "வணக்கம் பிள்ளையள்" என்றார். ரீச்சர் ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்து, "தம்பி, மேலை வாரும். புது ஆள் எடுக்கத் தேவையில்லை" என்று சொன்னார். மேலே வந்தவர் ரீச்சரையும் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. "எந்த இடத்திலை ஒருக்கால் நிண்டு யோசிச்சனீங்கள் அண்ணை? அதைச் சொல்லுங்கோ, அதை மாத்தோணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று அம்மாவிடம் தான் ஓம் சொன்ன அந்த நேர்ஸ் பிள்ளையையே அவர் கட்டினார். கொழும்புக்கே போய்விட்டார். அங்கே பெரிய இடத்தில் வேலையாம். போகிற அன்று பஸ் ஏற்ற நான்தான் போனேன். பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸின் பலகையை வாசித்துக்கொண்டு நின்றோம். நானும் கதைக்கிற ஆள் இல்லை. அவருக்கும் ஒப்ஷன் இல்லாத கதை கதைக்கத் தெரியாது. பஸ் வெளிக்கிடும்போது தலையை வெளியே நீட்டி, "பிழை ஒண்டு வந்தால் எந்த நேரமும் எனக்கு எடுங்கோ அண்ணை. வேலையிலை நிண்டாலும் எடுப்பன். உங்கடை போன் கோல் எண்டால் பிழை வந்திட்டுது எண்டு விளங்கும்" என்றார். "ஓம் தம்பி" என்றேன். அந்த ஓம் முழு ஓம்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டிகள் போய்விட்டன. எல்லாம் நான் செய்த சிப். ரீச்சர் இப்போது என்னை யாருக்கும் அறிமுகப்படுத்தும்போது, "எங்கடை இமேஜ் செய்யிறவர்" என்கிறார். எனக்கு அப்போதெல்லாம் எங்கே பார்ப்பதென்று தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த வரியை எழுதி முடித்துவிட்டு, பச்சைக் கோடு போய் முடியும் வரைக்கும் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். கோடு நிற்காமல் போய் முடிந்துவிடும். போனைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைப்பேன்.

காரணம் இல்லாமல் ஓர் ஆளுக்குப் போன் எடுத்துக் கதைக்க எனக்குத் தெரியாது. எடுத்தாலும் பிழை வந்துவிட்டதென்று பயந்துவிடுவார். அந்தக் கருவியோ இன்றுவரைக்கும் ஒரு பிழையும் விடவில்லை. அவ்வளவு வடிவாகச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுசன். போன் எடுக்க வழி கிடைக்காமல்தான் இதை எழுதினேன்.

அக்கராயன்,
சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள்.